வீட்டுக்கு முதல் நாஸ் பெட்டியும் அதற்கேற்ற ஹார்டு டிஸ்கும்

நம் வணிகப் பெருமக்கள் பலர் இப்போது வீட்டில் ஒரு 'நாஸ்' பெட்டி வாங்கி வைக்கலாமா என்று யோசித்து வருகிறார்கள். கைப்பேசியில் எடுக்கும் படங்களைச் சற்றே சுருக்கி, அளவில்லாமல் இலவசமாக வைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2021 ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டது. 15 ஜி.பி. நிரம்பிவிட்டால் அதன் பிறகு மாதாமாதம் வாடகைதான். குடோன் வாடகைக்குக் கணக்குப் பார்க்கும் நாம், இதற்கும் கணக்குப் பார்ப்பது இயற்கையே.

வாடகையை விடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடு பரணில் முப்பது வருடம் கிடந்தாலும் திறந்து படிக்கலாம். இன்று நம் பேரேடு டேலியில் இருக்கிறது; கொள்முதல் பில்கள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2023-24ஆம் ஆண்டுக் கணக்குக்கு ஆண்டறிக்கைக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு ஏதேனும் நிலுவையில் இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் நல்ல ஹார்டு டிஸ்குக்கே பெரும்பாலும் மூன்று வருட வாரண்டிதான். மூன்று வருட வாரண்டியில் ஏழு வருடக் கணக்கைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் இந்தப் பாடத்தின் விஷயம். பிள்ளைகளின் படங்களுக்கோ கெடு தேதியே கிடையாது.

நாஸ் என்பது பிஸ்கட் டின் அளவுள்ள ஒரு சிறு பெட்டி. உள்ளே ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குத் திரையும் கீபோர்டும் இல்லை. ஹார்டு டிஸ்க் செருக ஒன்று, இரண்டு, நான்கு என்று அறைகள் இருக்கும். பின்புறத்தில் நெட்வொர்க் கேபிள் செருகும் துளை. வீட்டு ரவுட்டருடன் இதை இணைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசியும் கம்ப்யூட்டரும் டி.வி.யும் இதில் எழுதலாம், இதிலிருந்து படிக்கலாம். யு.எஸ்.பி. டிஸ்க் என்றால் ஒருவர் கழற்றி இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தது திரும்பி வர வேண்டும். நாஸில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்குப் பொதுவான அலமாரி போல ஓரிடத்தில் நின்று வேலை செய்யும். தைவானைச் சேர்ந்த சினாலஜி, க்யூநாப், அசஸ்டார் ஆகியவையும், சீனாவைச் சேர்ந்த டெர்ராமாஸ்டர், யூகிரீன் ஆகியவையும் இதில் தெரிந்த பெயர்கள். விலைப்பட்டியலைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியின் விலையில் டிஸ்க் சேராது. டிஸ்க் தனிக் கொள்முதல்.

'ரெய்டு' என்றதும் பயப்பட வேண்டாம்

இரண்டு அறை உள்ள பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டால், எப்படிப் பயன்படுத்துவது என்று பெட்டி நம்மைக் கேட்கும். 'ரெய்டு ஒன்று வேண்டுமா?' என்ற கேள்வி வரும். நமக்குத் தெரிந்த ரெய்டு வேறு, இது வேறு. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. விலை மலிவான பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தகவல் போகாமல் இருக்கச் செய்யும் முறை என்பது அதன் சாரம்.

ரெய்டு ஒன்று என்பது கார்பன் தாள் வைத்து எழுதுவது போன்றது. ஒரு டிஸ்கில் எழுதும்போதே அடுத்த டிஸ்கிலும் அதே எழுத்து விழும். ஒன்று பழுதானால் மற்றது தொடர்ந்து ஓடும். வீட்டில் யாருக்கும் வேலை நிற்காது. இரண்டு 4 டி.பி. டிஸ்க் போட்டால் கிடைக்கும் இடம் 4 டி.பி. தான், 8 இல்லை. இதைக் கேட்டதும் சிலர் 'பாதி வீணாகிறதே' என்று ரெய்டு பூஜ்யத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதில் 8 டி.பி. இடம் கிடைக்கும், ஆனால் இரண்டில் எது போனாலும் எல்லாம் போய்விடும். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சினாலஜி பெட்டிகளில் எஸ்.எச்.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டு டிஸ்க் போட்டால் அதுவும் கார்பன் தாள் முறையைப் போலவே நடந்துகொள்ளும். பிற்காலத்தில் பெரிய டிஸ்காக மாற்றிக்கொள்வதற்கு அது சௌகரியம்.

இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு நகல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டியில், ஒரே பிளக்கில், ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒரே குடோனில் இரண்டு அட்டியாகச் சரக்கை அடுக்கிவிட்டுத் தீ விபத்துக்குப் பயமில்லை என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கார்பன் தாளில் அதுவும் அப்படியே விழும், இரண்டிலும் அழிந்துவிடும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இடி விழுந்து மின்சாரம் ஏறினாலும், திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும், வெள்ளம் புகுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். டிஸ்க் ஒன்று தானாகப் பழுதாகும் ஒரே ஒரு ஆபத்துக்குத்தான் ரெய்டு மருந்து.

ஆகவே கொள்முதலுக்கு ஒதுக்கும் தொகையைத் தொடக்கத்திலேயே மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பெட்டிக்கு ஒரு பங்கு, உள்ளே போடும் இரண்டு டிஸ்குக்கு ஒரு பங்கு, வெளியே வேறு இடத்தில் வைக்கும் மூன்றாவது டிஸ்குக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் ஒரு பங்கு. மூன்றாவது பங்குக்குப் பணம் போதாவிட்டால் பெட்டியில் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டிஸ்கில் குறைக்காதீர்கள். விற்பனையாளர் நான்கு அறைப் பெட்டியைக் காட்டி ஆசை காட்டும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

எத்தனை டி.பி.?

1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க் இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனை தட்டிலும் சேர்த்துக் கொண்டது சுமார் 5 எம்.பி. இன்று ஒரு கைப்பேசிப் படத்துக்கே அது சரியாகப் போய்விடும். ஆகவே ஊகத்தில் வாங்காமல் கணக்குப் போட்டு வாங்குவதே நல்லது.

மொத்த மளிகை வியாபாரி ஒருவரின் வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு கைப்பேசி, ஒவ்வொன்றிலும் 100 ஜி.பி. என்றால் 400. அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் டி.வி.டி.கள் 40, ஒன்றுக்கு 4.7 ஜி.பி. வீதம் 188, அதை 200 என்று வைப்போம். மகள் திருமண வீடியோவும் ஆல்பமும் 300. கடைக் கணக்கும் ஸ்கேன் செய்த பில்களும் 50 ஜி.பி.க்கு மேல் போகாது. டேலிக் கணக்கு நாம் நினைப்பதை விட மிகச் சிறியது. கூட்டினால் 950 ஜி.பி. ஆண்டுக்கு 250 ஜி.பி. சேரும் என்றால் ஐந்து ஆண்டில் 1250. மொத்தம் 2200 ஜி.பி., அதாவது 2.2 டி.பி.

4 டி.பி. டிஸ்க் வாங்கி மாட்டினால் கம்ப்யூட்டரில் சுமார் 3.6 என்றே காட்டும். எடையில் மோசடி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024 வீதம் கணக்கிடுகிறது. படி வேறு, சரக்கு ஒன்றே. அதிலும் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால்தான் பெட்டி தடங்கலின்றி ஓடும். அப்படிப் பார்த்தால் 2.9 டி.பி. கையில் நிற்கும். மேற்படி வீட்டுக்கு 4 டி.பி. தாராளம். டி.பி. ஒன்றுக்கு விலை குறைவு என்று 12, 16 என்று வாங்குவது, விற்காத சரக்கை லாரி லோடாக இறக்குவது போலத்தான். பிள்ளைகள் வீடியோ எடுக்கும் தொழிலில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும்; 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்.பி. வரை தின்னும்.

கடைக் கேமராப் பதிவையும் இதிலேயே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுதினால் நாளுக்கு 21.6 ஜி.பி. நான்கு கேமரா, 30 நாள் என்றால் சுமார் 2.6 டி.பி. குடும்பப் படங்களுக்கான இடத்தை அதுவே விழுங்கிவிடும். கேமராவுக்கு டி.வி.ஆர். தனியாகவே இருக்கட்டும்.

டிஸ்க் வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது

உலகில் இன்று ஹார்டு டிஸ்க் தயாரிப்பவர்கள் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்களை எல்லாம் இவர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் அல்லது அவர்கள் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். மூவர் கையில் சந்தை இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது உலகம் முழுவதும் ஹார்டு டிஸ்க் விலை ஏறியது.

நாஸ் பெட்டிக்கு என்று தனி வகை டிஸ்க் இருக்கிறது. சீகேட்டில் அயர்ன்வுல்ஃப், வெஸ்டர்ன் டிஜிட்டலில் ரெட் பிளஸ், தோஷிபாவில் என்300. இரவு பகல் ஓடுவதற்கும், பக்கத்து டிஸ்கின் அதிர்வைத் தாங்குவதற்கும் ஏற்ப இவை அமைந்துள்ளன. சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க் விலை குறைவு என்பதால் அதையே போடத் தோன்றும். போட்டால் உடனே ஒன்றும் ஆகாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

டிஸ்கில் எழுத்து, வட்ட வட்டமான தடங்களில் பதிகிறது. பழைய முறையில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக, இடைவெளி விட்டு இருக்கும், இதைச் சி.எம்.ஆர். என்பார்கள். புதிய முறை ஒன்றில், நாட்டு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் சற்றே ஏறிப் படிந்திருக்கும்; இது எஸ்.எம்.ஆர். அதே தட்டில் அதிகம் எழுதலாம், செலவு குறையும். ஆனால் ஓட்டுக் கூரையில் நடுவில் உள்ள ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள ஓடுகளையும் எடுத்துத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா? இங்கும் அப்படித்தான். ஒரு தடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். எழுதிவிட்டு அப்படியே வைத்திருக்கும் வேலைக்குக் குற்றமில்லை. நாஸில் ஒரு டிஸ்க் பழுதாகிப் புது டிஸ்க் போடும்போது, நல்ல டிஸ்கில் இருப்பதையெல்லாம் இடைவிடாமல் புதியதில் எழுத வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும். மணிக்கணக்கில் முடிய வேண்டிய வேலை நாள்கணக்கில் இழுக்கும். சில சமயம் பெட்டி அதைப் பழுது என்று நினைத்து ஒதுக்கியும் விடும். ஒரே டிஸ்கை நம்பி நிற்கும் நேரத்தில் இது நடப்பதுதான் அபாயம்.

இதை மறைத்து விற்ற கதை ஒன்றும் உண்டு. நாஸ் டிஸ்க் என்று விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டி.பி. வரையிலான சில டிஸ்குகள் எஸ்.எம்.ஆர். என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. லேபிளில் அது குறிப்பிடப்படவில்லை. அமெரிக்காவில் வழக்கு வரை போன பிறகு, நிறுவனம் வரிசையைப் பிரித்தது. ரெட் பிளஸ், ரெட் ப்ரோ என்றால் சி.எம்.ஆர்.; வெறும் ரெட் என்றால் எஸ்.எம்.ஆர். கடையில் 'ரெட் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. துவரம்பருப்பில் ரகம் கேட்டு வாங்கும் நாம், இதிலும் ரகம் கேட்டு, மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசை முழுவதும் சி.எம்.ஆர். தான், அதன் பாரகூடா வரிசையில் பல எஸ்.எம்.ஆர்.

அடுத்தது பழைய சரக்கு. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ என்ற கணினிச் செய்தி நிறுவனம் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது. புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்குகள் சில, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை. பழைய காரில் கிலோமீட்டர் முள்ளைத் திருப்பி வைப்பது போல, ஓடிய மணிக் கணக்கை யாரோ பூஜ்யமாக்கிப் புதுசு என்று விற்றிருந்தார்கள். சியா என்ற டிஜிட்டல் நாணயத்துக்காக ஓட்டப்பட்ட டிஸ்குகளாக இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. தான் அப்படி விற்கவில்லை என்று சீகேட் கூறியது. டிஸ்குக்குள் 'ஃபார்ம்' என்று இரண்டாவது பதிவு ஒன்று இருந்ததும், அதை மோசடிக்காரர்கள் அழிக்காமல் விட்டதுமே உண்மை வெளிவரக் காரணம். இரட்டைப் பதிவுக் கணக்கின் அருமை இங்கேயும் தெரிகிறது.

ஆகவே ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பில்லில் டிஸ்கின் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். சீல் உடைக்கும் முன் அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, நம் நாட்டில் வாரண்டி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். வேறு நாட்டுக்கு அனுப்பிய சரக்கு சுற்றி வந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். மாட்டியதும் பெட்டியிலுள்ள நீண்ட சோதனையை ஓட்டுங்கள். 4 டி.பி. டிஸ்குக்குச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டால் காலையில் முடிந்திருக்கும். அதன் பிறகுதான் தகவலை ஏற்ற வேண்டும். சோதனையில் பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். கூகுள் நிறுவனம் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழை இல்லாததை விட 39 மடங்கு என்று கண்டிருக்கிறார்கள்.

இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில், ஒரே லாட்டில் வாங்காமல் இருப்பது புத்திசாலித்தனம். ஒரே நாளில் செய்து, ஒரே அட்டைப்பெட்டியில் வந்து, ஒரே குலுக்கலில் அடிபட்ட இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் படுத்துவிடக்கூடும். ஒன்று சீகேட், ஒன்று வெஸ்டர்ன் டிஜிட்டல் என்று போட்டாலும் பெட்டி ஏற்றுக்கொள்ளும். அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் முறை வாங்குபவருக்கு இரண்டு அறை போதும். படம், கணக்கு, பில் வைப்பதற்கு மட்டும் என்றால் அந்த வரிசையில் விலை குறைந்ததே வேலைக்கு ஆகும். எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு மேம்பாடு தருகிறார்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். டிஸ்க் வாங்கும் முன், அந்தப் பெட்டி எந்த எந்த டிஸ்கை ஏற்கும் என்ற பட்டியலையும் பார்த்துவிடுங்கள். சினாலஜி நிறுவனம் 2025 ஏப்ரலில், அந்த ஆண்டின் பிளஸ் வரிசைப் பெட்டிகளுக்குத் தன் பெயர் போட்ட அல்லது தான் சான்று தந்த டிஸ்க்தான் போட வேண்டும் என்று அறிவித்தது. பானை வாங்கினால் எங்கள் அரிசியைத்தான் பொங்க வேண்டும் என்று பாத்திரக் கடைக்காரர் சொன்ன கதை. வாடிக்கையாளர்கள் விடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் புதிய மென்பொருளுடன் அந்தக் கட்டுப்பாட்டை நிறுவனம் தளர்த்திவிட்டது.

ரவுட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இணையக் கம்பெனி கொடுத்த சில ரவுட்டர்களில் துளையின் வேகம் 100 மெகாபிட் மட்டுமே. அதில் 100 ஜி.பி. ஏற்ற இரண்டரை மணி நேரம் ஆகும். 1000 மெகாபிட் துளை இருந்தால் கால் மணி நேரம். முதல் நாள் பழைய படங்களை எல்லாம் ஏற்றும்போது இந்த வித்தியாசம் தெரியும். டேலியை வைஃபை வழியாக நாஸிலேயே நேரடியாக ஓட்டுவது நல்லதல்ல. நடுவில் இணைப்பு அறுந்தால் கணக்கு கெட்டுப்போகக்கூடும். டேலி கம்ப்யூட்டரிலேயே ஓடட்டும்; இரவில் அதன் பேக்கப் நாஸுக்கு வரட்டும்.

மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். இரண்டு டிஸ்குடன் 20 வாட் என்று வைத்தாலும், இரண்டு மாதக் கணக்கீட்டில் சுமார் 29 யூனிட். ஆனால் திடீரென்று கரண்ட் போவது பெட்டிக்கு ஆகாது. யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் பெட்டியுடன் பேசும் யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். கரண்ட் போனதை அது சொல்லும். பெட்டி தானாகவே எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு மூடிக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டருக்கு இப்படிப் பேசத் தெரியாது. வெயில் காலத்தில் பரணிலோ, கதவு மூடிய அலமாரியிலோ, பூஜை அறை விளக்குக்குப் பக்கத்திலோ பெட்டியை வைக்காதீர்கள். டிஸ்கின் சூட்டைப் பெட்டியே காட்டும். 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நல்லது.

மூன்றாவது டிஸ்க்

கடையில் இருந்துகொண்டே வீட்டு நாஸைத் திறக்கலாம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே மேல் என்போம். 2014 ஆகஸ்டில் சினோலாக்கர் என்ற வைரஸ் சினாலஜி பெட்டிகளைப் பூட்டியது. 2021 ஏப்ரலில் க்யூலாக்கரும் 2022 ஜனவரியில் டெட்போல்ட்டும் க்யூநாப் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டன. மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர், பெட்டியின் வாசலை இணையத்தை நோக்கித் திறந்து வைத்திருந்தவர்கள். ஷட்டரை இறக்காமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ அதுதான். 'அட்மின்' என்ற பொதுப் பெயரை முடக்கி வேறு பெயர் வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். மேம்பாடு வந்தால் அன்றே ஏற்றுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் மூன்றாவது டிஸ்க் வேண்டும். இது சாதாரண யு.எஸ்.பி. டிஸ்காக இருக்கலாம்; எஸ்.எம்.ஆர். ஆனாலும் பாதகமில்லை. வாரம் ஒரு நாள் நாஸில் செருகி, நகல் எடுத்து, கழற்றி வீட்டை விட்டு வெளியே கொண்டு போய்விட வேண்டும். கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் பூட்ட முடியாது. மற்றவர்கள் இதற்கு வங்கி லாக்கரைத் தேட வேண்டும். நமக்குக் கடை ஓரிடத்தில், வீடு ஓரிடத்தில் என்று இயற்கையாகவே அமைந்திருக்கிறது. நாஸ் வீட்டில், மூன்றாவது டிஸ்க் கடை இரும்புப் பெட்டியில். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் மட்டும் வேறு தெருவில் உள்ள உறவினர் வீட்டைப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடைகளுக்குள் தண்ணீர் நின்றதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் வைக்கும்போதும் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

வெளியே போகும் டிஸ்கில் நம் கொள்முதல் விலையும் வாடிக்கையாளர் பாக்கியும் இருக்கும். ஆகவே கடவுச்சொல் போட்டுப் பூட்டியே எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி மகன் ஒருவனிடம் மட்டும் இருந்து, அவன் வேலைக்காக வெளியூர் போய்விட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை. ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்றாவது டிஸ்கிலிருந்து டேலி பேக்கப்பை எடுத்து வேறொரு ஃபோல்டரில் திறந்து பாருங்கள். இருப்பெடுக்காத குடோனில் கணக்கில் மட்டும்தான் சரக்கு இருக்கும்.

கடைசியாக, டிஸ்க் பழுதாகும் நாள். அது வரும். ஆயிரக்கணக்கான டிஸ்குகளை ஓட்டி, பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வரும் அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனத்தின் அறிக்கைகளில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு டிஸ்குகள் போவதைக் காணலாம். அந்த ஒன்று நம்முடையதாக இருந்தால் பெட்டி கத்தும், விளக்கு நிறம் மாறும். பதறிப்போய் உடனே டிஸ்கை இழுக்காதீர்கள். அவசரத்தில் நல்ல டிஸ்கை இழுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. இதற்காகவே, வாங்கிய அன்றே ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி அந்தந்த அறையின் முகப்பில் ஒட்டிவிட வேண்டும். பழுது எது என்று பெட்டியின் பக்கத்தில் எண் பார்த்து, ஸ்டிக்கருடன் ஒப்பிட்டு, முதலில் மூன்றாவது டிஸ்குக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகு பழுதானதைக் கழற்றுங்கள். அதே அளவு அல்லது அதற்கு மேற்பட்ட சி.எம்.ஆர். டிஸ்க் வாங்கிப் போட்டால் பெட்டி தானாகவே மீண்டும் எழுதிக்கொள்ளும். பழைய டிஸ்குக்கு வாரண்டி இருந்தால் பில்லுடன் அனுப்பலாம். அது இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், அனுப்பும் முன் முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். ஓடவே இல்லை என்றால், அதில் உள்ள கடைக் கணக்கு பிறர் கைக்குப் போவது தகுமா, வாரண்டித் தொகை பெரிதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தொடக்கத்திலேயே பெட்டிக்குள் இருக்கும் ஃபோல்டரையும் பூட்டி வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.